தொலைவிலிருந்து பெற்றோரைக் கவனிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ வயதான பெற்றோர் தனியே இருக்க, பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் வேலை பார்ப்பது இன்று பல தமிழ்க் குடும்பங்களின் நடைமுறை. இவர்களிடம் அன்புக்கோ பணத்துக்கோ பெரும்பாலும் குறைவிருப்பதில்லை. ஊரில் இருப்பவர் கையில் இருக்க வேண்டிய தகவலையும் அதிகாரத்தையும் தங்களிடமே வைத்துக்கொள்வதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

நாள்தோறும் தொலைபேசியில் பேசிவிட்டால் போதும் என்று நம்புவது அவற்றுள் முதன்மையானது. "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ உன் உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லாத தாயோ தந்தையோ அரிது. பிள்ளை அங்கே பதறிவிடக் கூடாது என்பதற்காக, முந்தைய நாள் குளியலறையில் வழுக்கி விழுந்ததைக்கூட அவர்கள் மறைத்துவிடுவார்கள். எனவே காலையில் என்ன சாப்பிட்டார்கள், நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள், சர்க்கரை மாத்திரை அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று கேட்பதே நிலைமையை ஓரளவு காட்டும். பேச்சு வழக்கத்துக்கு மாறாகக் குழறினாலோ, நாளும் பொழுதும் தெரியாமல் அவர்கள் பேசினாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவது மிகவும் ஆபத்தானது. மறதிநோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வளர்வது. ஓரிரு நாளில் திடீரென வரும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றோ, சர்க்கரை இறங்கியதோ, பக்கவாதமோ, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரையோ காரணமாக இருக்கலாம். நம் ஊரில் "உப்பு குறைந்துவிட்டது" என்று சொல்லும் சோடியம் குறைவும் இப்படித்தான் வெளிப்படும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளில் சேர்ந்திருக்கும் சிறுநீர்ப்பெருக்கி மருந்தே அதற்குக் காரணமாவதும் உண்டு. இவற்றில் பலவும் உரிய நேரத்தில் கண்டறிந்தால் சரிசெய்யக்கூடியவை. ஆனால் அன்றைக்கே ஒருவர் நேரில் போய்ப் பார்த்தால்தான் அது நடக்கும். அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்திருக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் நேரும் தவறு இதைவிடச் சத்தமில்லாதது. இதய மருத்துவர் ஒரு சீட்டும், சர்க்கரை மருத்துவர் ஒரு சீட்டும், மூட்டுவலிக்குப் பார்ப்பவர் இன்னொரு சீட்டும் எழுதித்தர, டெல்மிசார்ட்டன் என்ற ஒரே இரத்த அழுத்த மருந்தை இரண்டு வணிகப் பெயர்களில் ஒருவர் இருவேளையும் விழுங்கிக்கொண்டிருக்கலாம். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. எல்லா அட்டைகளையும் ஒன்றாகப் பரப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அந்தப் பட்டியலை ஒரே மருத்துவரிடம் காட்டுவது எளிய வேலை. அதைச் செய்யாமல், இணையத்தில் படித்ததை வைத்துத் தொலைவிலிருந்தே மாத்திரையை நிறுத்தச் சொல்வது தீங்கு. முதியோர் நலத்துக்கென்றே சென்னை கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் குடும்பங்கள் இவையெல்லாம் நமக்கில்லை என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. மாதாமாதம் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்க்கும் ஒரு பணியாளர், தனியே இருப்பவருக்குப் பெரிய துணை.

பத்திர வேலைகளைத் தள்ளிப்போடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் விளைவு பலருக்கும் நெருக்கடி வந்த பிறகே தெரிகிறது. தம் சார்பில் செயல்பட அதிகாரம் தந்து தந்தை எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் கையில் இருப்பதால், அவருக்கு நினைவு தப்பினாலும் வங்கிக் கணக்கையும் வீட்டையும் நிர்வகித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201இன்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும்; அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது செல்லாது. பிறகு நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமனம் பெறுவதே வழி. ஆனால் மருத்துவமனைக் கட்டணம் அதுவரை காத்திருக்காது. பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்துடன், நம்பிக்கைக்குரிய ஒருவரைச் சேமிப்புக் கணக்கில், இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில், கூட்டுக் கணக்குதாரராகச் சேர்ப்பதும், வாரிசு நியமனங்களைச் சரிபார்ப்பதும் இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கும். தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு நோட்டரியிடம் சான்று பெற்றால் போதும் என்று 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இந்தப் பேச்சை எடுப்பது அபசகுனம் என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஆனால் பெற்றோரில் பலர் அதைத் தாமே சொல்லக் காத்திருக்கிறார்கள்.

உள்ளூரில் இருக்கும் உடன்பிறப்பையோ சித்தி மகனையோ வேலையாளைப் போல நடத்துவது உறவையே கெடுத்துவிடும். நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுபவர் அவர். மறுநாள் காணொளி அழைப்பில் வந்து, ஏன் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்பவர் நாம். அவசரத்தில் அவர் எடுக்கும் முடிவே இறுதியானது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அவர் கைப்பணத்தைச் செலவழித்துவிட்டுக் கணக்குச் சொல்லும் நிலை வராதபடி ஒரு தொகையும் அவரிடம் இருக்க வேண்டும். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் வார விடுமுறையும் இரவுத் தூக்கமும் தேவை. அவரையும் பெற்றோரையும் கேட்காமல் கூடத்தில் கேமரா மாட்டுவது கவனிப்பாகாது.

வீட்டின் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் எண்ணும் முதியோர் உதவிக்கான 14567 என்ற எண்ணும் பெரிய எழுத்தில் சுவரில் இருக்க வேண்டும். காப்பீட்டு அட்டை, ஆதார் நகல், கடைசியாக வாங்கிய டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வாத மருந்துகளின் பெயர் ஆகியவை ஒரே கோப்பில், கதவருகிலேயே இருப்பது நல்லது.

விடுமுறைக்கு வரும்போது கல்யாணங்களுக்கும் கோயில்களுக்கும் போவதிலேயே நாள்கள் கழிந்துவிடுகின்றன. வந்த முதல் வாரத்திலேயே பெற்றோருடன் மருத்துவரிடம் போக வேண்டும். குளியலறையில் கைப்பிடி பொருத்த வேண்டும், கூடத்தில் கால் தடுக்கும் விரிப்பை எடுத்துவிட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோடும் மருந்துக் கடைக்காரரோடும் நேரில் பேசி எண்களை வாங்கிக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் பிறகு போகலாம்.