முழங்கால் மூட்டு மாற்று அறுவை: நாள் குறித்தது முதல் கைத்தடியை வைக்கும் வரை

மூட்டு மாற்று அறுவைக்கு மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்ததும், பணத்தைப் புரட்டுவதிலும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்வதிலும்தான் பெரும்பாலான வீடுகளில் கவனம் செல்கிறது. கழிவறைக் கதவின் அகலத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. என் தாயாருக்கு வலது முழங்காலில் அறுவை முடிந்து ஐந்தாம் நாள் வீடு திரும்பியபோது, புதிதாக வாங்கிய வாக்கரின் அகலம் 25 அங்குலம் என்பதும், குளியலறைக் கதவின் இடைவெளி 24 அங்குலம் என்பதும் தெரிய வந்தன. வாக்கரை வெளியே விட்டுவிட்டு, இருவர் தாங்கிப் பிடிக்க, ஈரத் தரையில் அவர் வைத்த அந்த நான்கு அடிகளை நினைத்தால் இன்றும் எனக்கு வியர்க்கிறது. ஆகவே இந்த விளக்கம் மருத்துவமனையிலிருந்து அல்ல, வீட்டிலிருந்து தொடங்குகிறது. மருந்து தொடர்பான எதிலும் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது.

முதலில், என்ன செய்யப் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

முழங்காலையே வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில், தொடை எலும்பின் கீழ்முனையிலும் கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்துபோன பரப்பைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, பல்லுக்குத் தொப்பி போடுவதுபோல் உலோக உறைகளைப் பொருத்தி, அவற்றின் நடுவே உறுதியான பாலிஎத்திலீன் தட்டு ஒன்றை வைக்கிறார்கள். சுற்றியுள்ள தசையும் நாண்களும் உங்களுடையவை. அவற்றுக்கு வலுவேற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வைத்த வரம்பு, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 54,720 ரூபாய். அறுவைக் கட்டணம், அறை வாடகை போன்றவை இதில் அடங்கா. எனவே மதிப்பீட்டுச் சீட்டில் மூட்டின் விலையைத் தனியே குறித்துத் தரும்படி கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே காட்டி, உங்களுக்கு என்ன பொருந்தும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்: உடலைத் தயார் செய்தல்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அது 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிவைப்பார்கள், ஏனெனில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது காயம் ஆறுவது தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். அதே காரணத்தால் சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, விரலிடுக்குச் சேற்றுப்புண், ஆழமான பித்தவெடிப்பு ஆகியவற்றையும் முன்பே சரிசெய்துவிட வேண்டும். எங்கோ இருக்கும் சிறு புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து புதிய மூட்டில் போய்த் தங்கினால், அதை அகற்ற இன்னோர் அறுவையே தேவைப்படலாம்.

உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதை அவரே சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து, நாமாகத் தொடர்ந்தால் இரத்தப்போக்குக்கு ஆபத்து. சித்த மருந்து, லேகியம், சூரணம் எதையும் மறைக்க வேண்டாம். மறைத்துவிட்டு மேசையில் படுப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

தொடைத் தசைக்கான பயிற்சியையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். காலை நீட்டிப் படுத்து, முழங்காலைப் படுக்கையோடு அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி, ஐந்து வரை எண்ணித் தளர்த்துங்கள். பத்து முறை, காலையும் மாலையும். அறுவைக்குப் பின் இதே பயிற்சியை வலியோடு செய்ய வேண்டியிருக்கும். பழகிய பயிற்சி என்றால் மனம் முரண்டு பிடிப்பதில்லை.

கடைசி நாளுக்குச் சில சிறு வேலைகள் உண்டு. காலிலுள்ள முடியை வீட்டில் பிளேடு கொண்டு மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கிருமி நுழைந்துவிடும். விரல்களில் மருதாணியும் நகச்சாயமும் வேண்டாம், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். மெட்டியை முந்தைய வாரமே கழற்றிப் பாருங்கள். என் தாயாரின் மெட்டிகள் நாற்பது ஆண்டுகளாகக் கழலாதவை. அறுவை நாளன்று காலை ஐந்து மணிக்குச் சோப்புத் தண்ணீரோடு போராடினோம்.

வீட்டைத் தயார் செய்தல்: அளவு நாடாவோடு ஒரு நடை

வாக்கரை அறுவைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து கழிவறைக்கும், கழிவறையிலிருந்து சாப்பிடும் இடத்துக்கும் நீங்களே நடந்து பாருங்கள். எந்தக் கதவில் இடிக்கிறது, எந்த நிலைப்படியில் தடுக்குகிறது, எந்த மிதியடி சுருள்கிறது என்பதெல்லாம் ஒரே நடையில் தெரிந்துவிடும். மிதியடி, பாய், சமுக்காளம் ஆகியவற்றைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். தரையில் கிடக்கும் மின்விசிறிக் கம்பியைச் சுவரோரம் ஒட்டுங்கள். கதவு குறுகலாக இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் மடித்துக் குறுக்கக்கூடிய வாக்கரோ, உறுதியாகச் சுவரில் பதித்த கைப்பிடியோ தேவை. துவாலைக் கம்பி கைப்பிடி ஆகாது, பாரம் தாங்காமல் பெயர்ந்துவிடும்.

குந்தி அமரும் கழிவறை மட்டுமே உள்ள வீடுகளில் இதுவே முதன்மையான சிக்கல். அறுவைக்குப் பின் குந்தி அமர முடியாது. நிரந்தரமாக மேல்நாட்டுக் கமோடு வைக்க வசதியில்லையென்றால், நான்கு கால்களும் நடுவே துளையும் கொண்ட கமோடு நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். அதைக் குந்து கழிவறையின் மேலேயே நிறுத்திப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே கமோடு இருந்தாலும் அது தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர்த்தி ஒன்று வாங்குங்கள். குளிப்பதற்கு முக்காலி வேண்டாம், கைப்பிடியுள்ள கனமான நாற்காலி வேண்டும்.

உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருந்தால்தான் எழுவது எளிது. பெரும்பாலோருக்கு 18 முதல் 20 அங்குல உயரம் பொருந்தும். கட்டில் தாழ்வாக இருந்தால் செங்கல்லை முட்டுக்கொடுக்காதீர்கள், தச்சரிடம் குழிவெட்டிய மரக்கட்டைகள் நான்கு செய்து வாங்குங்கள். இலவம்பஞ்சு மெத்தை அமிழ்ந்துபோகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பிடியை ஊன்றி எழும்போது அது டைல்ஸ் தரையில் பின்னுக்கு வழுக்கும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் போதும்.

மருத்துவமனை நாட்கள்

இங்கே உங்கள் வேலை குறைவு. திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொதுவான முறை. உங்களுக்குச் சொல்லப்பட்ட நேரத்தையே பின்பற்றுங்கள். பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். அறுவை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரோடு நிற்க வைப்பார்கள். வீடு திரும்பும் முன், படியேறுவதை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் ஒருமுறையாவது செய்து பாருங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே போகும், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் கீழே வரும்.

மூட்டின் நிறுவனம், அளவு, வரிசை எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு சிகிச்சைச் சுருக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் எந்த மருத்துவர் கேட்டாலும் உதவும்.

வீட்டில் முதல் இரண்டு வாரங்கள்

எல்லாரும் கேட்கும் கேள்வி, ‘எவ்வளவு மடங்குகிறது?’ என்பதுதான். என்னைக் கேட்டால், ‘முழுதாக நீள்கிறதா?’ என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சற்றே மடங்கிய நிலையில் கால் இறுகிவிட்டால், ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும், நடை கெந்தலாகவே நின்றுவிடும். இதற்குப் பெரும்பாலும் காரணமாவது அன்பு. எங்கள் பெரியம்மா பார்க்க வந்தவர், தங்கை வலியில் முனகுவதைத் தாங்காமல் முழங்காலுக்கு அடியில் தலையணை ஒன்றை இதமாகச் செருகிவிட்டுப் போனார். வலி அடங்கியது, அம்மா தூங்கினார். இரண்டு மணி நேரம் கழித்துக் காலை நீட்டச் சொன்னபோது கண்ணீர் வந்துவிட்டது. தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். துவாலையைச் சுருட்டிக் கணுக்காலுக்குக் கீழே கொடுத்து, முழங்காலின் பின்புறம் தன் எடையால் படுக்கையை நோக்கித் தாழும்படி பத்து நிமிடம் விடுங்கள். ஒரு நாளில் மூன்று முறை இப்படிச் செய்யலாம்.

மற்ற பயிற்சிகளைப் பழகும் வரிசை இது. விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை இரு பாதங்களையும் தையல் மிதிப்பதுபோல் மேலும் கீழும் இருபது தடவை அசையுங்கள், கெண்டைக்காலில் இரத்தம் தேங்கி உறையாமல் இருக்க இது உதவும். அடுத்து, முன்பே பழகிய தொடை இறுக்கும் பயிற்சி. அதன்பின் குதிகாலைப் படுக்கையோடு உராய்த்தபடி மெல்ல உங்களை நோக்கி இழுத்து முழங்காலை மடக்குங்கள். கால் வழுக்கிச் செல்ல ஒரு பிளாஸ்டிக் பையைக் குதிகாலுக்கு அடியில் விரித்தால் எளிது. கடைசியாக, நாற்காலியில் அமர்ந்து காலை நேரே நீட்டி ஐந்து எண்ணி இறக்குங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை. வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகும் என்பதால், மாத்திரைக்குப் பின் அரை மணி கழித்துப் பயிற்சியும், பயிற்சிக்குப் பின் ஐஸ் ஒத்தடமும் என்று வைத்துக்கொண்டால் நாள் ஒழுங்காக ஓடும். ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டி, துவாலையில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். தோலின் மேல் நேராக வைக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம், தைலம், எண்ணெய் நீவுதல் எதுவும் வேண்டாம். ‘நரம்பைத் தட்டிவிடுகிறேன்’ என்று வருபவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாவற்றையும் நிறுத்துவது நம் வீடுகளின் வழக்கம். சீழ் பிடிக்கும் என்பார்கள். காயம் ஆறப் புரதம் தேவை, அதை நிறுத்தினால்தான் ஆறுவது தாமதமாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வலுவான வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். வாழைத்தண்டு, கீரை, நிறையத் தண்ணீர் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள்.

மாலையில் கால் வீங்குவதும், காயத்தைச் சுற்றிச் சூடாக இருப்பதும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும், நடக்கும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்பதும் இயல்பானவை. பல வாரம், சிலருக்குச் சில மாதங்கள்கூட இவை நீடிக்கும். ஆனால் கெண்டைக்காலில் புதிதாக வலியும் இறுக்கமான வீக்கமும், காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவதும், பரவிக்கொண்டே போகும் சிவப்பும், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரத்தம் உறையாமைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, நன்றாக நடக்கிறோம் என்பதற்காக இடையில் நிறுத்தவும் கூடாது.

தையல் பிரித்த பின்

பெரும்பாலும் 12 முதல் 14 நாட்களில் தையலையோ உலோகப் பின்களையோ எடுத்துவிடுவார்கள். இந்தக் கட்டத்தில் முழங்கால் 90 டிகிரி, அதாவது நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்காரும் அளவு, மடங்கினால் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். அடுத்த சில வாரங்களில் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறலாம். கைத்தடியை நல்ல காலின் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கம் பிடிப்பதே சரி என்று தோன்றும், ஆனால் அப்படிப் பிடித்தால் உடல் அறுவை செய்த காலின் மேலேயே சாயும். கார் ஓட்டுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரமாகும், அதுவும் மருத்துவரைக் கேட்ட பிறகு.

தரையில் சப்பணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். கோலம் போடுவது, பூசையறையில் அமர்வது, பந்தியில் உட்காருவது எல்லாமே இதில் அடங்கும். வருத்தமாகத்தான் இருக்கும். அம்மா மார்கழியில் பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு அமர்ந்து, பேத்திக்குப் புள்ளிக்கணக்குச் சொல்லிக் கோலம் போட வைத்தார். இழை கோணினால் கைத்தடியால் சுட்டிக்காட்டினார்.

பல் மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் மூட்டு மாற்றிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் உலோகச் சோதனை வாயில் ஒலித்தால் பதற வேண்டாம், காலைக் காட்டிச் சொன்னால் போதும்.

எங்கள் வாக்கர் இதுவரை மூன்று வீடுகளுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் கவிழ்த்துப் பார்த்து, நான்கு கால்களின் அடியிலுள்ள ரப்பர் குமிழ்களில் தேய்ந்தவற்றை மாற்றிய பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். இரவல் வாக்கர் கிடைத்தால் நீங்களும் முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்.