ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் முதல் குளிர்காலம்: புதிதாக வரும் தமிழ் மாணவர்களுக்கு

ஜனவரிப் பருவத்தில் சேர வருபவர்களில் பலர் குளிர் கோட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். டொராண்டோவிலோ மொன்றியலிலோ விமானம் மாறும்போது பெட்டி ஒரு நாள் பிந்தினால் மைனஸ் 20 டிகிரியில் ஸ்வெட்டரோடு நிற்க வேண்டியதுதான். வந்திறங்கும் நாளைச் சமாளிக்க ஒரு கோட், தொப்பி, கையுறை மூன்றும் கையோடு வரட்டும். விமான நிலையத்திலிருந்து வளாகம் வரை ஓ-டிரெயின் என்னும் நகர ரயில் இருக்கிறது: 4-ஆம் தடத்தில் ஏறி சவுத் கீஸ், அங்கே 2-ஆம் தடத்துக்கு மாறி பேவியூ, பிறகு 1-ஆம் தடத்தில் யூஒட்டாவா நிலையம். இரண்டு பெரிய பெட்டிகளோடு இருட்டிய பிறகு வருபவர்கள் டாக்ஸி எடுப்பதே நல்லது.

உடுப்பு

குளிர்காலம் முழுவதற்கும் ஊரில் வாங்கி வரத் தகுந்தது தெர்மல் உள்ளாடை மட்டும்தான். இரண்டு மூன்று செட் போதும். ஆனால் பருத்தியில் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். வெளியே காலெடுத்து வைத்ததும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி பார்த்து வாங்குங்கள்.

குளிர்காலம் முழுக்கப் போடும் கோட்டையும் பூட்ஸையும் இங்கே வாங்குங்கள். நம்மூர் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் இடுப்போடு நின்றுவிடும். இங்கே தொடையை மூடும் நீளம் வேண்டும், ஹூட் வேண்டும், ஜிப்புக்கு மேல் காற்றைத் தடுக்கும் மடிப்பு வேண்டும். புதிது வாங்கக் கையில் காசு இல்லையென்றால் வேல்யூ வில்லேஜ் மாதிரிப் பழைய உடைக் கடைகளில் நல்ல கோட் கிடைக்கும். ஜிப்பை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்து எடுங்கள். பூட்ஸைத் தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். உள்ளே விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கமான பூட்ஸ் எவ்வளவு விலையுள்ளதானாலும் கால் விறைக்கும், ஏனென்றால் ரத்த ஓட்டமும் குறையும், சூட்டைப் பிடித்து வைக்கக் காற்றும் உள்ளே இருக்காது.

வகுப்பறைக்குள் கதகதப்பாகவே இருக்கும். அதனால் ஒரே தடித்த ஸ்வெட்டர் வசதிப்படாது. ரயிலில் வியர்த்து, இறங்கியதும் நடுங்குவீர்கள். தெர்மல், அதன்மேல் மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, அதன்மேல் கோட் என்று கழற்றக்கூடிய அடுக்குகளாகப் போடுங்கள். கைக்கு விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு. கைபேசியைக் கோட்டின் உட்பையில் வையுங்கள். வெளிப்பையில் இருந்தால் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும். தலைக்குக் குளித்தால் நன்றாக உலர்த்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், ஈர முடி தெருவில் குச்சி குச்சியாக உறைந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவரும் தேங்காய் எண்ணெயும் அறைக்குள்ளேயே கட்டியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

வானிலைச் செயலியில் வெப்பநிலையைப் பார்த்தால் போதாது, காற்றுக் குளிரையும் (wind chill: காற்று வீசும்போது உடம்பு உணரும் குளிர்) பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான். காதும் மூக்கு நுனியும்தான் முதலில் மாட்டும். தோல் வெளிறி மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், ஹீட்டரில் காட்டாதீர்கள்; உணர்வு இல்லாத இடம் வெந்தாலும் தெரியாது. உள்ளே வந்து வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் 811-ஐ அழைத்தால் நர்ஸ் ஒருவர் ஆலோசனை சொல்வார்.

பனி பெய்யும் நாளைவிட உறைமழை பெய்யும் நாள் மோசம். நடைபாதை கண்ணாடியாகிவிடும். கையைக் கோட்டுப் பைக்குள் விடாமல், சிறு சிறு அடியாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி நடங்கள். பூட்ஸில் மாட்டும் இரும்பு முள் பட்டையைக் கட்டடத்துக்குள் நுழையுமுன் கழற்றிவிடுங்கள், டைல் தரையில் அதுவே வழுக்கிவிடும். பூட்ஸில் படியும் வெள்ளை உப்புக் கறையை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்தால் போகும்.

இரண்டு மொழி

இங்கே பாடங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடக்கின்றன. பாடத்தின் குறியீட்டு எண்ணைப் பார்த்தே அது எந்த மொழியில் என்று கண்டுபிடிக்கலாம். நான்கு இலக்க எண்ணில் இரண்டாவது இலக்கம் 1 முதல் 4 வரை இருந்தால் ஆங்கிலம், 5 முதல் 8 வரை இருந்தால் பிரெஞ்சு. முதலாண்டுக் கால்குலஸ் ஆங்கிலத்தில் 1320, பிரெஞ்சில் 1720. இதைக் கவனிக்காமல் நேரம் தோதாக இருக்கிறதே என்று பதிவு செய்து, முதல் வகுப்பில் திருதிருவென்று முழிப்பவர்கள் உண்டு. மாற்றிக்கொள்ளக் கெடு இருக்கிறது. முதல் வாரத்திலேயே பாருங்கள்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று: மொழியையே கற்பிக்கும் பாடங்கள் தவிர மற்றவற்றில், பாடம் எந்த மொழியில் நடந்தாலும் கட்டுரையையும் தேர்வு விடையையும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதலாம். புதுச்சேரியிலோ பாரிஸிலோ பிரெஞ்சில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது பெரிய கை கொடுப்பு.

பல்கலைக்கழகத்து மின்னஞ்சல்கள் இரு மொழியிலும் வரும். மேலே பிரெஞ்சைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள், கீழே ஆங்கிலம் இருக்கும். புயலால் வகுப்பு ரத்தாகும் செய்தியும் இப்படித்தான் வரும். கவுன்டரில் பிரெஞ்சில் வரவேற்றால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுங்கள், அவர்களும் மாறிக்கொள்வார்கள். ஒரு 'போன்ஜூர்' சொல்லிவிட்டு ஆரம்பித்தால் முகம் மலரும்.

அறையை விட்டு வெளியே

டிசம்பரில் மாலை 4.20-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வகுப்பு, அறை, தூக்கம் என்று இரண்டு வாரம் ஓடினால் மனது சோர்ந்துபோகும். குளிரைவிட அறைக்குள் அடைந்து கிடப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது என்பது எங்கள் தீர்மானம். மதியம் வெளிச்சம் இருக்கும்போதே அரை மணி நேரம் நடந்துவிடுங்கள்.

வளாகத்தை ஒட்டியே ரீடோ கால்வாய் ஓடுகிறது. உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் சறுக்குப் பாதையாகும், கட்டணம் கிடையாது. சுமார் 30 சென்டிமீட்டர் நல்ல பனிக்கட்டி உருவான பிறகே திறப்பார்கள். பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. 2022-23 குளிர்காலத்தில் அது ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, அதனால் கால்வாயை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். லோரியர் பாலத்தைக் கடந்தால் நகர மண்டபத்தின் முன்னால் குளிரூட்டிய சறுக்குத் தளம் இருக்கிறது. அதுவும் இலவசம், இளம் குளிரிலும் உறையும். முதல் தடவை அங்கே பழகுவது நல்லது. ஸ்கேட்டை வாடகைக்கு எடுங்கள், கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்திருங்கள். நிமிர்ந்து நின்றால் பின்பக்கமாக விழுந்து தலையில் அடிபடும். தலைக்கவசம் போட வெட்கப்படாதீர்கள். பிப்ரவரியில் வின்டர்லூட் விழா நடக்கும். பனிச் சிற்பங்களைப் பார்க்க வகுப்புத் தோழர்கள் கும்பலாகப் போவார்கள், அழைத்தால் மறுக்காதீர்கள்.

இரவு நூலகத்திலிருந்து திரும்பத் தனியாகப் போகத் தயக்கமா? மாணவர் சங்கத்தின் ஃபுட் பட்ரோல் (Foot Patrol) தொண்டர்கள் கூடவே நடந்து வருவார்கள். மாதக் கடைசியில் கையில் பணம் தட்டுப்பாடானால் அதே சங்கத்தின் உணவு வங்கி இருக்கிறது. இரண்டும் மாணவர்களுக்கென்றே ஏற்பட்டவை, கூச்சம் வேண்டாம்.

சமையலும் பொங்கலும்

வளாகத்துக்கு வெளியே தனி வீடு வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் குளிரில் நடுங்க வேண்டியதில்லை. பகலில் வீட்டுச் சூடு 20 டிகிரிக்குக் குறையாமல் பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வெப்பமானியோடு புகைப்படம் எடுத்து எழுத்தில் கேளுங்கள், கண்டுகொள்ளாவிட்டால் நகரசபையின் 311-க்கு அழையுங்கள்.

விடுதியில் தாளிக்கும்போது மிளகாய் கருகினால் புகை அலாரம் அடிக்கும். அலாரம் அடித்தால் கட்டடமே காலி செய்து பனியில் நிற்கும், அத்தனை பேரும் உங்கள் அடுப்பைத் தேடுவார்கள். எண்ணெயை மிதமான தீயில் காய வைத்து, புகைபோக்கியை முதலிலேயே போட்டு, கடுகு வெடித்ததும் மூடுங்கள். கோட்டைச் சமையலறைப் பக்கம் தொங்கவிடாதீர்கள். அடிக்கடி துவைக்க முடியாத உடுப்பு அது, வெங்காய வாசனை ஏறினால் மார்ச் வரை கூடவே வரும்.

கடுங்குளிர் மாதத்தில்தான் பொங்கலும் வருகிறது. ஒன்டாரியோவிலும் கனடா அளவிலும் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்பதால் வளாகத்தில் விழா நடத்த இடம் கேட்பது எளிது, ஆனால் நவம்பரிலேயே கேட்டு வையுங்கள். அறைக்குள் விறகோ கற்பூரமோ கொளுத்த முடியாது. மின்னடுப்பில், ஒரு கப் பச்சரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பு என்று வைத்தால் ஐந்தாறு பேருக்குச் சரியாக வரும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்: பொங்கி வழிந்த பால் கண்ணாடி அடுப்பில் கருகினால் அந்தப் புகைக்கும் அலாரம் அடிக்கும். அதே மாடியில் இருப்பவர்களுக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள், சாப்பிட வருவார்கள்.