ரைன்பெக்கிலிருந்து ஒரு ஆட்டின் கம்பளி: வாங்குவது, கழுவுவது, நூற்பது

ஆகஸ்ட் மாதம், நியூ ஜெர்சி வெயில், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, மடியில் பாதி பின்னிய கம்பளி ஸ்வெட்டர். இப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள், ஆனால் என் வீட்டில் பழகிவிட்டது. அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் ரைன்பெக் வருகிறது, அதற்குள் ஸ்வெட்டர் முடிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ரைன்பெக் என்பது ஊர்ப் பெயர். அங்கே டச்சஸ் கவுண்டி பொருட்காட்சி மைதானத்தில் நடக்கும் நியூயார்க் மாநிலச் செம்மறி-கம்பளித் திருவிழாவை, பின்னுகிறவர்களும் நூற்கிறவர்களும் ஊர்ப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள். அந்த வருடம் புதிதாகப் பின்னிய ஸ்வெட்டரைத்தான் அங்கே போட்டுப் போக வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் உண்டு. தீபாவளிக்குப் புதுத்துணி மாதிரி. முந்தின ராத்திரி டெய்லர் கடை வாசலில் நிற்கிற கதையும் அப்படியே உண்டு, வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு இடது கைப்பகுதியைப் பின்னிக்கொண்டிருப்பேன்.

இது திருவிழாவைச் சுற்றிக்காட்டும் பதிவு இல்லை. அங்கே ஆட்டிலிருந்து வெட்டியபடியே விற்கிற முழுக் கம்பளியை (ஃபிளீஸ் என்பார்கள்) வாங்கிவந்து, வீட்டில் கழுவி, நூலாக்குவது எப்படி என்பதுதான். சாயம் போட்ட அழகான நூல் எந்த இணையக் கடையிலும் கிடைக்கும். ஒரே ஒரு ஆட்டின் கம்பளியை, அதை வளர்த்தவரிடமே பேசி வாங்குவது இந்த மாதிரி இடத்தில்தான் நடக்கும். என் முதல் ஃபிளீஸை நான் பாழாக்கினேன், அதனால் கழுவுகிற பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. போவது

சனிக்கிழமை காலை நல்ல கம்பளி இருக்கும், கூட்டமும் இருக்கும். ரூட் 9-இல் வண்டிகள் ஊர்ந்துகொண்டு நிற்கும், அதனால் சீக்கிரம் கிளம்புங்கள். வண்டி இல்லாதவர்கள் நியூயார்க் பென் ஸ்டேஷனிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் ரைன்கிளிஃப் வரை வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர் நடுக்கும், மத்தியானம் வெயில் வந்து ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லும், முந்தின நாள் மழை பெய்திருந்தால் சேறு, ஆகவே பழைய ஷூ. பொரித்த ஆர்ட்டிசோக் கடையில் வரிசை எப்போதும் நீளம். நின்று வாங்கலாமா என்று கேட்டால், ஒருமுறை நிற்கலாம், இரண்டாவது முறை நான் நிற்கவில்லை. ஆடு மேய்க்கும் நாய்களின் வித்தையை மட்டும் தவறவிடாதீர்கள்.

ரைன்பெக் தூரம் என்றால் அதே அக்டோபரில் வெர்மான்ட்டின் டன்பிரிட்ஜில் ஒன்று, வட கரோலினாவில் ஆஷ்வில் பக்கம் ஃபிளெட்ச்சரில் ஒன்று நடக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் 2010-இல் தொடங்கி, இப்போது செப்டம்பர் கடைசியில், ஒரு வாரம் முழுக்கக் கம்பளி வாரமே கொண்டாடுகிறார்கள். அது என் கனவுப் பட்டியலில் இருக்கிறது, பேங்க் பேலன்ஸில் இல்லை.

2. எந்த ஆடு?

முதல் தடவை என்றால் ராம்னி இன ஆடு. யோசிக்க வேண்டாம். இழை 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், மினுமினுப்பு, பிசுக்கு மிதம், சட்டென்று சடை பிடிக்காது. அது கிடைக்காவிட்டால் காரிடேல். நியூசிலாந்தில் மெரினோவையும் லிங்கனையும் கலந்து உருவாக்கிய இனம் அது, இன்னும் கொஞ்சம் மிருது.

மெரினோவையும் கார்மோவையும் தொடவே தொடாதீர்கள். தொட்டால் வாங்கிவிடுவீர்கள், நான் அப்படித்தான் வாங்கினேன். பூனைக்குட்டி மாதிரி இருக்கும், ஆனால் அதில் இருக்கும் லானோலின், அதாவது ஆட்டின் தோலிலிருந்து ஊறி இழையில் படியும் மெழுகு, அவ்வளவு அதிகம். கழுவி முடித்தால் எடையில் பாதி கூடப் போய்விடலாம். ராம்னியில் கால் பங்குதான் குறையும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஸ்வெட்டருக்கு 600 கிராம் நூல் வைத்துக்கொள்ளுங்கள். கழுவுவதிலும் சிக்கெடுப்பதிலும் போவது போக, ராம்னி என்றால் ஒன்றேகால் கிலோ அழுக்குக் கம்பளி போதும். ஒரு முழு ஃபிளீஸ் மூன்று நான்கு கிலோ வரும். தோழியோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள், காரின் டிக்கியிலும் வீட்டிலும் நிம்மதியாக இருக்கும்.

3. பையைப் பிரித்துப் பார்ப்பது

விற்பவரிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். வேண்டாம் என்று சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை, எந்த ஆடு, அதன் பெயர் என்ன, போன வருடம் எத்தனை குட்டி போட்டது என்பது வரை சொல்வார்கள்.

பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையை உருவி, இரண்டு முனையையும் இறுகப் பிடித்து, காதருகே கொண்டுபோய் வெடுக்கென்று இழுங்கள். தந்தியைச் சுண்டியது போல ‘டிங்’ என்றால் இழை நல்ல பலம். சுள்ளி முறிவது போலப் பொரபொரத்தால் நடுவில் பலவீனம் இருக்கிறது என்று அர்த்தம். ஆடு நோயில் கிடந்த சமயத்திலோ குட்டி ஈன்ற சமயத்திலோ வளர்ந்த பகுதி அது. அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள், சிக்கெடுக்கும்போது அந்த இடத்தில் முறிந்து உருண்டை உருண்டையாக நிற்கும்.

அப்புறம் வைக்கோல், விதை, முள். கழுவினால் வைக்கோல் போய்விடும் என்று நினைக்காதீர்கள். போகாது. ஆடுகளுக்குச் சட்டை போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நிஜமாகவே துணிச் சட்டைதான், அந்தக் கம்பளி சுத்தமாக இருக்கும், விலையும் கூட இருக்கும். கொடுக்கலாம். நுனி பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது வெறும் மண். உள்ளே எலுமிச்சை மஞ்சளாகப் பட்டை பட்டையாக இருந்தால் அந்தக் கறை எத்தனை கழுவினாலும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் மற்ற நூல்களோடு வைக்காதீர்கள். அந்துப்பூச்சி வந்துவிட்டால் அலமாரி மொத்தமும் போச்சு. அதற்காகக் கழுவாமலே வருடக்கணக்கில் மூலையிலும் போடாதீர்கள், பிசுக்கு இறுகிவிடும். அடுத்த மாதத்துக்குள் கழுவிவிடுங்கள்.

4. கழுவுவது (இங்கேதான் நான் விழுந்தேன்)

முதல் வருடம் நடந்தது இது. குளியலறைக் குழாயில் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவும் திறந்துவிட்டு, டப்பில் சோப்பு ஊற்றி, கம்பளியைப் போட்டு, ஒரு மணி நேரம் நன்றாக ஊறட்டும் என்று சமைக்கப் போய்விட்டேன். தண்ணீர் டீக்கடை டிகாஷன் நிறத்தில் இருந்தது, ஆஹா அழுக்கெல்லாம் போகிறது என்று சந்தோஷம் வேறு. காய்ந்த பிறகு தொட்டால் கை ஒட்டியது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, சீயக்காய் சரியாகப் போடாமல் எழுந்து வந்த தலை மாதிரி. மறுபடி கழுவினேன், மறுபடி அதே. மூன்றாவது தடவை கோபத்தில் கசக்கினேன், மொத்தமும் சடையாகிப் போனது. இரண்டு கிலோ கார்மோ.

காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. நெய் ஒட்டிய பாத்திரத்தை வெந்நீரில் கழுவினால் நெய் உருகிப் போகும், ஆனால் அதே தண்ணீர் ஆறும்வரை பாத்திரத்தை உள்ளேயே விட்டால் நெய் உறைந்து திரும்பவும் வந்து படியும். லானோலின் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில் உருகுவது. அமெரிக்க வீடுகளில் ஹீட்டரைப் பெரும்பாலும் 49 டிகிரியில் வைத்திருப்பார்கள், அந்தத் தண்ணீரைக் குளிர்ந்த டப்பில் ஊற்றி, அதில் குளிர்ந்த கம்பளியையும் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே 40-க்குப் பக்கத்தில் வந்துவிடும். நான் ஒரு மணி நேரம் விட்டிருந்தேன்!

சரி, இப்போது நான் செய்வது.

முந்தின நாள் ராத்திரி, சோப்பு இல்லாமல் பச்சைத் தண்ணீரில் ஊறப் போடுகிறேன். மண்ணும் ஆட்டின் வியர்வை உப்பும் இதிலேயே கரைந்துவிடும். நாறும், வெளியே வையுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், என் ரோஜாக்கள் புகார் சொல்லவில்லை.

மறுநாள், துணி துவைக்கும் வலைப்பைகளில் பைக்கு 250 கிராம் வீதம், தளர்வாக. அமுக்கி அடைத்தால் நடுவில் அழுக்கு அப்படியே இருக்கும். பொங்கல் வைக்கிற அளவுப் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, 15 லிட்டர் டப்பில் குழாய் வெந்நீரோடு கலந்து, 65 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தெர்மாமீட்டர் வாங்குங்கள், கையால் பார்த்துச் சொல்ல முடியாது. ரப்பர் கையுறையும் போடுங்கள், 65 டிகிரி தோலைச் சுடும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பாத்திரம் கழுவும் நீல நிற டான் திரவம் நான்கு மேசைக்கரண்டி. கம்பளிக்கென்றே விலையுயர்ந்த கழுவு திரவங்களும் கிடைக்கின்றன, வாங்கிப் பார்த்தேன், குறைவாக ஊற்றினால் போதும், அலசுவது சுலபம், ஆனால் முதல் ஃபிளீஸுக்கு டான் போதும் என்பது என் கட்சி. சோப்பைத் தண்ணீர் நிறைந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நுரையோடு நுரையாக மல்லுக்கட்டுவீர்கள்.

பையைத் தண்ணீரின் மேல் வைத்து மெல்ல அமுக்கி மூழ்கவிடுங்கள். அவ்வளவுதான். கிளறாதீர்கள், கசக்காதீர்கள், மேலே குழாயைத் திறந்துவிடாதீர்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல அடுக்கு இருக்கிறது. சூடும் ஈரமும் சோப்பும் இருக்கும்போது தேய்த்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. சூட்டில் சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது.

15 நிமிடம். போனில் அலாரம் வையுங்கள். தண்ணீர் 50-க்குக் கீழே இறங்குவதற்கு முன் பையைத் தூக்கிவிட வேண்டும். அப்படியே தூக்கி, முறுக்காமல் வடியவிட்டு, அதே 65 டிகிரியில் தயாராக இருக்கும் இரண்டாவது சோப்புத் தண்ணீருக்கு. பிறகு அதே சூட்டில், பிறகு கொஞ்சம் குறைந்த சூட்டில், சோப்பில்லாமல் இரண்டு மூன்று அலசல். சூட்டிலிருந்து நேரே பச்சைத் தண்ணீருக்குப் போகக் கூடாது. ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் முயற்சிக்காதீர்கள், இடுப்பு போய்விடும்.

கடைசியில் வாஷிங் மெஷினில் தண்ணீர் விடாமல் சுழற்றல் மட்டும் போட்டு ஈரத்தை எடுத்து, வலைத்தட்டில் பரப்பி, ஃபேன் போட்டால் இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

பிறகு சேர்த்தவை: மேலே சொன்னதை நம்பி முன்பக்கக் கதவு மெஷினில் போட்ட ஒருவருக்குச் சுழலும்போதே மெஷின் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறது, கம்பளி சடைபிடித்துத் தொப்பித் துணி மாதிரி ஆகிவிட்டது. மன்னியுங்கள். சில மெஷின்கள் அப்படிச் செய்யும், முதலில் ஒரு பழைய துண்டைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள், இல்லையென்றால் கீரை உலர்த்தும் சாலட் சுழற்றியே போதும்.

செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக்காரர்கள் பிசுக்குத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள், ஆறியதும் மெழுகு உறைந்து அடைத்துக்கொள்ளும். புல்வெளி ஓரத்தில் கொட்டுங்கள்.

சீயக்காய், பூந்திக்கொட்டை போடலாமா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். பூந்திக்கொட்டையை முயன்றேன். பிசுக்குக் குறைவான ஐஸ்லாண்டிக் ஆட்டுக் கம்பளிக்கு ஓரளவு சரியாக வந்தது, மற்றதற்குப் போதவில்லை. சீயக்காய் நிறத்தை மங்கவைக்கும், வெள்ளைக் கம்பளியில் வேண்டாம்.

5. சிக்கெடுத்து நூற்பது

நாய்க்குத் தலைவாரும் கம்பி பிரஷ் ஒன்று வாங்குங்கள். கற்றையின் நடுவைப் பிடித்துக்கொண்டு முதலில் நுனியையும் பிறகு அடியையும் வாரினால், ராம்னிக்கு அதுவே போதும். கைக் கார்டர்கள் (கம்பிப் பல் வைத்த தட்டையான பிரஷ்கள்) ஒரு ஜோடி இருந்தால் இன்னும் நல்லது, அதில் சுருட்டி எடுப்பதைக் கதர் நூற்றவர்கள் பட்டை என்பார்கள். இதே வேலையை உருளையைச் சுற்றிச் செய்யும் டிரம் கார்டர் இப்போது வேண்டாம், அந்தக் காசில் இன்னும் ஐந்து ஃபிளீஸ் வாங்கலாம்.

நூற்பதற்கு மரக் கதிர் (தக்ளி மாதிரி கையால் சுழற்றுவது), 40 கிராம் எடையில், அந்த மைதானத்திலேயே கிடைக்கும், கையில் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். ராட்டை அடுத்த வருடம். என் பாட்டி பள்ளிக்கூடத்தில் தக்ளியில் பஞ்சு நூற்றவர், வீடியோ காலில் நான் தடுமாறுவதைப் பார்த்து, “கையை ஏண்டி இவ்வளவு கிட்ட வச்சிருக்க?” என்றார். பஞ்சு இழை மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது, அதற்கே தள்ளிப் பிடிக்கச் சொல்கிறார், இதுவோ 12 சென்டிமீட்டர். இரண்டு கைக்கும் இடையில் இழையின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டால்தான் இழை வழுக்கி நீளும், கிட்டக் கிட்டப் பிடித்தால் இரண்டு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் சொன்னபடி கையை விலக்கியதும் நூல் ஓடத் தொடங்கியது.

கதிர் நிறைந்ததும் இன்னொரு கதிர், இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கி, ஒரு தடவை வெந்நீரில் நனைத்துக் காயப்போட்டால் பின்னுவதற்கு நூல் தயார். இப்படிக் கழுவி நூற்ற ஒரு ராம்னியில்தான் இந்த வருட ஸ்வெட்டர், சாம்பல் நிறம். இடது கைப்பகுதி இன்னும் பாக்கி.