முகாம் அடுப்பும் பழைய எரிபொருளும்: என் அனுபவம்

நாட்கணக்கில் அலைக்கழித்த முகாம் அடுப்பு இப்போது சீரான நீலச் சுடருடன் எரிவது பெரும் நிம்மதி. பல ஆண்டுகள் கலனில் கிடந்த நாப்தாவை (எளிதில் ஆவியாகும் பெட்ரோலிய எரிபொருள்) ஊற்றிப் பற்றவைத்தபோது, சுடர் மஞ்சளாகத் துள்ளியதோடு பாத்திரத்தின் அடியிலும் கரி அப்பியது. நாசில் துளையை ஊசியால் சுத்தம் செய்ததும் பம்பின் தோல் வாஷரை மாற்றியதும் பயன் தரவில்லை.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு வெள்ளைத் தாள்தான். திறந்தவெளியில், நெருப்பு எட்டாத இடத்தில், புதிய எரிபொருளிலிருந்தும் பழையதிலிருந்தும் ஒவ்வொரு சொட்டை அதன்மேல் விட்டுப் பார்த்தபோது, புதியது சுவடின்றி ஆவியாகிவிட, பழையது பிசுபிசுப்பான மஞ்சள் வளையத்தை விட்டுச் சென்றது. அந்தப் பிசின்தான் எரிபொருளை ஆவியாக்கும் குழாயை உள்ளே அடைத்திருந்தது. குழாயை மாற்றி, தொட்டியைக் காலிசெய்து, புதியதை நிரப்பியதும் சுடர் சரியானது.

இன்னொரு கலனில் இருந்த, தாளில் கறை விடாத பழைய எரிபொருளைச் சிறிது சிறிதாகப் புதியதோடு கலந்து, வெளியில் வைத்தே எரித்துத் தீர்த்தேன். பிசின் படிந்ததை அதன் பழைய கலனிலேயே இறுக மூடி, பெயர் எழுதி ஒட்டி, அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தேன். அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. திறந்து வைத்து ஆவியாக விடுவதும் ஆபத்தே, ஏனெனில் காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு பரவித் தொலைவிலுள்ள தீப்பொறியைக்கூட எட்டிவிடும்.