கோடைச் சுற்றுலா முடிந்து வாடகை வேனில் வீடு திரும்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

போவதற்கு ஒரு மாதம் உட்கார்ந்து திட்டம் போடுகிற குடும்பங்கள் திரும்புவதற்கு ஒன்றுமே போடுவதில்லை. "கடைசி நாள் மிச்சத்தையும் பார்த்துட்டு சாயங்காலம் கிளம்பினா விடியக்காலம் வீடு" என்று யாராவது ஒரு சித்தப்பா சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஊட்டியிலிருந்து சென்னை 550 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். பகலெல்லாம் தொட்டபெட்டா, பைக்காரா என்று உங்களைச் சுற்றிக் காட்டிய அதே டிரைவர்தான் ராத்திரியும் ஓட்டப்போகிறார், நீங்கள் பூங்காவில் இருந்த நேரத்தில் அவர் தூங்கியிருப்பார் என்று நம்பாதீர்கள், சீசனில் வண்டி நிறுத்த இடம் தேடவே பாதி நேரம் போயிருக்கும்.

அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரைதான் ஆபத்தான நேரம். சேலம் தாண்டி உளுந்தூர்பேட்டை பக்கம் ரோடு நேராகக் கிடக்கும், பின்னால் எல்லோரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவருக்கும் கண் சொக்கும். கேட்டதற்குத் தாமதமாகப் பதில் வந்தாலோ, அடிக்கடி கண்ணாடியை இறக்கினாலோ, வண்டி லேன் விட்டு லேன் நகர்ந்தாலோ ஓரங்கட்டச் சொல்லுங்கள். டீயை மட்டும் நம்பாதீர்கள், இருபது நிமிடமாவது அவர் படுக்கட்டும். இதைவிட நல்லது, மேட்டுப்பாளையத்திலோ சேலத்திலோ ஒரு ராத்திரி தங்கிவிடுவது.

தங்காமல் துரத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் வாடகைக் கணக்கு. நிறைய வேன்காரர்கள் நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை ஒரு நாள் என்று கணக்குப் போடுவார்கள், பத்து நிமிடம் தாண்டினாலும் இன்னொரு நாள் வாடகையும் பேட்டாவும் சேரும். கிலோமீட்டரும் ஷெட்டிலிருந்து ஷெட் வரைக்கும்தான், உங்கள் வாசலோடு முடியாது. இதையெல்லாம் புக் பண்ணும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், கிளம்பும்போது மீட்டரை போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். வாசலில் நின்று சண்டை போடுவதும், டிரைவரிடம் "அண்ணா, பன்னிரண்டுக்குள்ள போயிடலாமா" என்று நச்சரிப்பதும் இல்லாமல் போகும்.

மலை இறக்கம் அடுத்தது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதை மைசூருக்குக் குறுக்குவழி என்று மேப் காட்டும், 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. சீசனில் மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களைப் பெரும்பாலும் கோத்தகிரி வழியாகத்தான் விடுவார்கள், அதிலும் ஏறும்போது எந்த கியர் போடுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது மடத்தனம், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கிற பலமே போய்விடும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மைசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பந்திப்பூர் காட்டு கேட்டை மறந்துவிடுகிறார்கள். இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னைக்குள் நுழையவே நுழையாதீர்கள், அதுவும் பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். செங்கல்பட்டு பக்கம் பரனூர் டோலுக்கு முன்னாலேயே வண்டிகள் தேங்கி நிற்கும், குழந்தைகள் "பாத்ரூம்" என்று அழும். சனிக்கிழமையே வந்துவிட்டால் துணி துவைக்கவும் ஒரு நாள் கிடைக்கும்.

சரி, வீடு வந்தாச்சு. பைகளை இறக்கியதும் வண்டியை அனுப்பிவிடாதீர்கள், டார்ச் அடித்து சீட்டுக்கு அடியில் பாருங்கள், சார்ஜர், ஒற்றைச் செருப்பு, பாட்டியின் மாத்திரை டப்பா எல்லாம் அங்கேதான் கிடக்கும், காலையில் அந்த வேன் வேறு சவாரிக்குப் போய்விடும். கதவைத் திறந்ததும் கை தானாக சுவிட்சுக்குப் போகும், அதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். கேஸ் வாடை இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் உருகி வேறு வடிவத்தில் உறைந்திருந்தால் நடுவில் கரண்ட் போயிருக்கிறது, உள்ளே இருக்கிற பாலையும் மாவையும் யோசிக்காமல் கொட்டுங்கள்.

மேல் தொட்டியில் நாள் கணக்கில் நின்ற தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், அதனால் பூந்தொட்டித் தட்டு, வாளி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாவற்றையும் அன்றைக்கே கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். அழுக்குத்துணி மறுநாள் வரை இருக்கலாம், பிளாஸ்டிக் கவரில் கட்டிய ஈரத்துணியை மட்டும் ராத்திரியே எடுத்துக் கொடியில் போடுங்கள்.