திராவகத்தில் தொலையும் தங்கம்

பழைய நகையைத் திராவகத்தில் கரைத்துச் சொக்கத்தங்கம் எடுக்கப் பழகும் பையன்கள் காரைக்குடியில் என் பட்டறைக்கு வருவதுண்டு. முப்பது வருஷத்துக்கு முன் நான் அடித்த கூத்தைத்தான் ஒவ்வொருவரும் அடிக்கிறார்கள். கையுறை, கண்ணாடி பற்றிப் பேசப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் அடுப்புப் பக்கமே வர வேண்டாம்.

நைட்ரிக்கை அள்ளி ஊற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். ராஜ திராவகம் என்றால் ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு என்று ஒப்பித்துக்கொண்டே மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றிவிடுவார்கள். தங்கம் கரைந்துவிடும், சரி. நைட்ரிக் மிஞ்சிவிடுமே! அப்புறம் தங்கத்தைப் படியவைக்க அன்னபேதிக் (இரும்பு சல்பேட்) கரைசலை விட்டால், மிஞ்சிய நைட்ரிக் அதைத் தின்றுவிடும். விழுந்த பொடியும் திரும்பக் கரையும்.

போன மாதம் ஒரு பையன் தேவகோட்டை வீட்டுச் சங்கிலி, சரியாக ஒரு பவுன், கரைத்தான். 916 என்றால் 8 கிராமுக்கு 7.33 கிராம் வர வேண்டும். வந்தது 5. "அண்ணே, நகையே மட்டம்ணே" என்று சொல்லிக்கொண்டே பச்சைத் தண்ணீரைக் கொட்டக் கிளம்பினான். கையைப் பிடித்து நிறுத்தினேன். பச்சை, செம்பின் நிறம். தங்கத்தின் மஞ்சள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வடிதாளில் ஒரு சொட்டு வைத்து, தங்கம் இருந்தால் ஊதாவாகக் காட்டிக்கொடுக்கும் ஸ்டானஸ் குளோரைடை மேலே விட்டேன். ஊதா காட்டி மறைந்தது. நைட்ரிக் இருந்தால் இப்படித்தான் ஏய்க்கும். இன்னும் இரண்டு சொட்டு விட்டதும் கருத்துவிட்டது. திறந்த வெளியில் இளஞ்சூட்டில் பாகுபோல வற்றவைத்து, ஹைட்ரோகுளோரிக் விட்டு, மறுபடி வற்றவைத்து, மூன்று தடவை. பிறகு தண்ணீர் சேர்த்து வடிகட்டி அன்னபேதி விட்டோம். காலையில் அடியில் காபித்தூள் நிறத்தில் மிச்சத் தங்கம்.

நான் பழகிய காலத்தில் எனக்குக் கையைப் பிடிக்க ஆள் இல்லை. கொல்லையில் வாழை மூட்டில் ஊற்றினேன். வாழையும் கருகியது, அரைப் பவுனும் போனது.

செய்ய வேண்டியது இதுதான். நகையை ஹைட்ரோகுளோரிக்கில் போட்டு, நைட்ரிக்கைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பழுப்புப் புகை அடங்கியபின் அடுத்த சொட்டு. கடைசியில் ஒரு துணுக்குத் தங்கம் கரையாமல் கிடந்தால் நைட்ரிக் தீர்ந்தது என்று அர்த்தம்.

அரக்கோடு கரைப்பது

பழைய செட்டிநாட்டு நகைகளில் உள்ளே அரக்கு இருக்கும். முதலில் சுட்டு எடுங்கள். (கல்யாணத்தில் கட்டும் கழுத்திருவை அழிக்கக் கொண்டுவந்தால் மட்டும், ஒரு நாள் யோசித்துவிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.)

அலுமினியச் சட்டி

திராவகத்துக்குக் கண்ணாடிப் பாத்திரம் மட்டும்தான்.

பொடியை நேரே ஊதி உருக்குவது

பறக்கும். வடிதாளோடு சுருட்டி, நன்றாகக் காயவைத்து, வெங்காரம் (போராக்ஸ்) தூவி, உருக்கும் கிண்ணமான மூசையில் வையுங்கள்.

பட்டறைக் குப்பையைக் கொட்டுவது

2001-இல் மூடிய கோலார் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்துச் சில கிராம் எடுத்தார்கள். உங்கள் காலடியில் கிடப்பதோ அரம் ராவிய தங்கப் பொடி. காந்தத்தை ஓட்டி இரும்பை எடுத்துவிட்டு, மீதியை டப்பாவில் சேருங்கள். வருஷக் கடைசியில் எரித்துக்கொள்ளலாம்.