விறகு பாய்லரில் கரும்புகையைக் குறைப்பது எப்படி: நெருப்புக்கு மேல் காற்றும் நீராவியும் செலுத்தும் முறை

எங்கள் பக்கம் பாய்லர் என்றால் பெரும்பாலும் விறகு பாய்லர்தான். மண்டபம், தொண்டிப் பக்கம் நண்டு அவிக்கிற கம்பெனி, திருவாடானைப் பக்கம் நெல் அவிக்கிற மில், எல்லாவற்றுக்கும் தீனி சீமைக்கருவேலம். விறகு ஏராளமாகக் கிடைப்பதால் அதை எப்படி எரிக்கிறோம் என்று பலர் கவனிப்பதே இல்லை. சிம்னியில் கரும்புகை கிளம்பினால் "பாய்லர் நல்லா ஓடுது" என்று சந்தோஷப்படுகிற முதலாளிகளைக்கூடப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையில் போவது அவர் காசு கொடுத்து வாங்கிய விறகு.

பாய்லர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு தப்புச் செய்தேன். நெருப்பின் மேல் நீராவியை அடித்தால் அது பிரிந்து ஹைட்ரஜனாகி எரியும், விறகு மிச்சமாகும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். முனையில் 3 மி.மீ. துளையுள்ள நான்கு குழாய்களை அடுப்புக்குள் நீட்டிவைத்து, நாள் முழுக்க நீராவியைத் திறந்துவிட்டோம். புகை குறைந்தது உண்மை. மாதக் கடைசியில் விறகுக் கணக்கைப் பார்த்தால் ஏறியிருந்தது.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பதநீரைத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். துடுப்பிலிருந்து பதநீருக்கு இனிப்பு வருவதில்லை. அடிப்பிடிக்காமல் ஒரே சீராகக் காய அது உதவுகிறது. நெருப்புக்கு மேல் அடிக்கும் நீராவியும் அப்படித்தான். அது துடுப்பு. எரிய வைப்பது காற்று. நீராவி கரியோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஆவது நடக்கிற காரியம்தான், ஆனால் அதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் நெருப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். லாபக் கணக்கில் அது பூஜ்யம்கூட இல்லை.

விறகு எங்கே எரிகிறது?

விறகைப் போட்டதும் முதலில் ஈரம் போகும். அப்புறம் மரம் சூடாகி வாயுவாகப் பிரியும். உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வாயுவாகத்தான் வெளியேறுகிறது. மிச்சம் இருப்பது கரி. கீழே கம்பித்தட்டு வழியாக வருகிற காற்றில் பெரும்பகுதியைக் கரியே பிடித்துக்கொள்ளும். மேலே மிதக்கிற வாயுவுக்குக் காற்று போதாது. போதிய காற்று இருந்தாலும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனிப் பட்டையாக சிம்னி வரை போய்விடும்.

கலக்காவிட்டால் என்ன நஷ்டம்? கரியில் இருக்கும் 1 கிலோ கார்பன் முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆனால் ஏறத்தாழ 8,080 கிலோ கலோரி கிடைக்கும். பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு ஆனால் 2,430தான். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போச்சு. அதனால்தான் காற்றை நெருப்புக்கு மேலேயும் கொடுக்க வேண்டும், அதுவும் கலக்குகிற வேகத்தில் கொடுக்க வேண்டும்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. ரயில் எஞ்சின்கள் தங்கள் புகையைத் தாங்களே எரித்துவிட வேண்டும் என்று பிரிட்டனில் 1845-இலேயே சட்டம் வந்தது. நீராவியால் வெளிக்காற்றை இழுத்து நெருப்பின் மேல் விடும் அமைப்பை டி. கே. கிளார்க் என்ற பொறியாளர் அந்த நூற்றாண்டிலேயே எஞ்சின்களில் பொருத்தினார்.

தொடங்கும் முன்

பாய்லரின் டிரம், டியூப், நீராவிக் குழாய் எதிலும் நீங்களாகத் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. 1923-ஆம் ஆண்டு கொதிகலன் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. இந்த விஷயத்தில் கண்டிப்பு குறையவில்லை. நீராவி இணைப்பு எடுக்க வேண்டுமானால் கொதிகலன் ஆய்வாளரின் அனுமதி வாங்கி, சான்று பெற்ற வெல்டரை வைத்துச் செய்யுங்கள். அடுப்பின் செங்கல் சுவரில் காற்றுக் குழாய் வைப்பதையும் ஆய்வாளரிடம் காட்டிவிட்டே செய்யுங்கள்.

1. ஒரு வாரம் புகையை மட்டும் பாருங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில், விறகு போட்ட நேரம், கரும்புகை எத்தனை நிமிடம் நின்றது, சிம்னி அடியில் எத்தனை டிகிரி, அன்று எத்தனை கிலோ விறகு, இவ்வளவு எழுதினால் போதும். புகையின் கறுப்பை அளக்க 1888-இல் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் உண்டாக்கிய அட்டை இருக்கிறது: 0 என்றால் தெளிவு, 5 என்றால் முழுக் கறுப்பு, நடுவில் ஒவ்வொன்றும் 20 சதவீதம் கூடுதல். அட்டை இல்லாவிட்டாலும் கண் பழகிவிடும்.

கறுப்பு என்றால் காற்றோ கலக்கலோ போதவில்லை. வெள்ளை என்றால் பெரும்பாலும் ஈரம். லேசான சாம்பல் நிறம் நல்லது. ஒன்றுமே தெரியாத சுத்தமான வானம்? அதையும் சந்தேகப்படுங்கள். தேவைக்கு மேல் காற்று உள்ளே போய், சூட்டை அள்ளிக்கொண்டு சிம்னி வழியே போகிறதோ என்னவோ.

2. விறகு

ஈர விறகுக்கு எந்தக் குழாயும் மருந்தாகாது. விறகில் இருக்கும் ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் செலவு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன்பே பிளந்து அடுக்கிக் கூரைக்குள் ஏற்றிவிடுங்கள். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் இருந்தால் பிளக்க வேண்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். கரை ஒதுங்கிய மரத்தையும், உடைத்த பழைய வள்ளத்துப் பலகையையும் அடுப்பில் போடாதீர்கள். உப்பு டியூப் மேல் படிந்து இரும்பைத் தின்னும். பலகையில் பெயிண்டும் இருக்கும், அந்தப் புகை யாருக்கும் ஆகாது. அடுத்தது மணல். மணலோடு சேர்த்து அள்ளிவந்த விறகைத் தட்டிவிட்டுப் போடுங்கள். மணலும் சாம்பல் உப்பும் சேர்ந்து உருகிக் கண்ணாடி மாதிரி கட்டிபிடித்துக் கம்பித்தட்டை அடைக்கும். அதுதான் கிளிங்கர்.

3. ஓட்டையை அடையுங்கள், இழுப்பை அளந்து பாருங்கள்

அடுப்புக் கதவு சரியாக மூடாமல், செங்கல் சுவரில் விரிசல் இருந்தால், காற்று தேவையில்லாத இடத்தில் நுழைந்து சூட்டைக் கெடுக்கும். இரவில் நெருப்பு எரியும்போது சுவரோரம் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கே களிமண்ணும் ஃபயர் சிமெண்டும் வைத்து அடையுங்கள்.

அடுப்பின் இழுப்பை, அதாவது சிம்னி காற்றை இழுக்கும் பலத்தை, அளக்கக் கருவி வாங்க வேண்டாம். ஒரு மீட்டர் பிளாஸ்டிக் டியூபை யூ வடிவத்தில் பலகையில் கட்டி, பாதி வரை மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை இரும்புக் குழாய் வழியாக அடுப்புச் சுவருக்குள் விடுங்கள், மற்றது வெளியே. இரண்டு பக்கமும் உள்ள மட்ட வித்தியாசம்தான் இழுப்பு. உள்பக்கம் 2 முதல் 5 மி.மீ. மேலே ஏறி நின்றால் போதும். சிம்னிக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தகடான டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அங்கே நிறுத்துங்கள். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போதும் மார்கழி வாடையிலும் ஒரே டேம்பர் நிலை சரிவராது. காற்று மாறும்போது பலகையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

4. போடும் முறை

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இடப்பக்கம் ஒரு முறை, அடுத்தது வலப்பக்கம். ஒரு பக்கம் புது விறகு வாயு விடும்போது மறுபக்கக் கங்கு அதைப் பற்றவைக்கும். வாய் வரை திணித்துவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கத்தை விட்டாலே பாதிப் புகை போய்விடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

5. காற்றுக் குழாய்கள்

கணக்கு மணிக்கு 1 டன் நீராவி தருகிற பாய்லருக்கு. விறகு மணிக்கு 270 கிலோ போல ஆகும். கிலோவுக்கு 5 கிலோ காற்று அடிப்படைத் தேவை, நடைமுறையில் ஒன்றரை மடங்கு கொடுப்போம்: மணிக்கு ஏறத்தாழ 2,000 கிலோ, அதாவது 1,750 கன மீட்டர். அதில் கால் பங்கை மேலே கொடுப்பது நல்ல தொடக்கம். விறகில் வாயு அதிகம் என்பதால் பிறகு கூட்டவும் வேண்டியிருக்கும்.

25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 100 மி.மீ. தண்ணீர் அழுத்தத்தில் காற்று விட்டால் நொடிக்கு 40 மீட்டர் வேகம் வரும். மணிக்கு 144 கிலோமீட்டர். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. இது அதைப்போல இரண்டரை மடங்கு. கலக்குவதற்கு இந்த வேகம் வேண்டும். ஒரு குழாய் மணிக்கு 58 கன மீட்டர் போலத் தரும், ஆக எட்டுக் குழாய். காற்று ஊத 1 ஹெச்.பி. புளோயர் தாராளம்.

இடப்பக்கச் சுவரில் நான்கு, வலப்பக்கத்தில் நான்கு. நேருக்கு நேர் வைக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று வரும்படி வையுங்கள்; நேராக வைத்தால் இரண்டும் மோதி நின்றுவிடும். உயரம், விறகுப் படுகைக்கு மேல் ஒரு முழம் போல. முனை சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். எந்த முனையும் டியூபையோ எதிர்ச் சுவரையோ குறிபார்க்கக் கூடாது. முனை செங்கல்லுக்கு உள்ளேயே ஒரு விரற்கடை பின்னால் இருந்தால் சீக்கிரம் கருகாது.

ஒரு எச்சரிக்கை. மேலே காற்றைத் திறந்தால் அடுப்பின் இழுப்பு குறையும். மஞ்சள் தண்ணீர்ப் பலகையைப் பார்த்து டேம்பரைத் திறந்துகொள்ளுங்கள். டேம்பர் மூடியிருக்கும்போது புளோயரைப் போட்டால் கார்பன் மோனாக்சைடு பாய்லர் ரூமுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது.

6. நீராவி, அவசியம் என்றால் மட்டும்

என் பழைய தப்பின் கணக்கு இது. 7 கிலோ அழுத்தத்தில் 3 மி.மீ. துளை ஒன்று மணிக்கு 25 முதல் 30 கிலோ நீராவியைக் குடிக்கும். நான்கு துளை என்றால் 100 கிலோவுக்கு மேல். 1 டன் பாய்லரில் பத்தில் ஒரு பங்கை நானே அடுப்புக்குள் திருப்பி ஊதிக்கொண்டிருந்தேன்! விறகாகப் பார்த்தால் மணிக்கு 30 கிலோ. புகை குறைந்ததில் அவ்வளவு எங்கே மிச்சமாகும்?

அதே வேலையை 1.5 மி.மீ. துளையில் செய்தால் ஒன்றுக்கு 7 கிலோதான். விட்டம் பாதியானால் பரப்பு கால்தானே. இன்னொன்று, நீராவியைத் தனியாக விடக் கூடாது. சுவருக்குள் போகிற 50 மி.மீ. குழாயின் வெளிவாய் திறந்திருக்க வேண்டும். அதன் வாயருகே, சரியாக நடுவில் நீராவி முனை நிற்க வேண்டும். பாய்கிற நீராவி வெளிக்காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு உள்ளே போகும். நான் வைத்ததில் காற்றுக்கு வழியே இல்லை. துடுப்பு மட்டும் இருந்தது, சட்டியில் பதநீர் இல்லை.

நீராவி எடுக்கும் இணைப்பு, நீராவி கிளை பிரியும் பெரிய குழாயான ஹெட்டரின் மேல்பக்கத்திலிருந்து வரட்டும். குழாய் வழியில், நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வடிக்கும் ஒரு ஸ்டீம் டிராப், கடைசியில் வால்வு. திறக்கும் முன் தண்ணீரை வடித்துவிடுங்கள்; சூடான செங்கல்லில் தண்ணீர் பட்டால் வெடித்து உதிரும். விறகு போட்டதும் வால்வைத் திறந்து, மூன்று நான்கு நிமிடத்தில், வாயு அடங்கிச் சுவாலை குட்டையானதும் மூடிவிடுங்கள். எங்களோடு இருந்த பழைய ஃபயர்மேன் ஒருவர், "தம்பி, மூச்சு முட்டும்போது விசிறு, தூங்கும்போது எதுக்கு?" என்பார்.

அப்படியானால் புளோயரா, நீராவியா? கரண்ட் ஒழுங்காக இருந்தால் புளோயர்தான். மணிக்கு அரை முதல் முக்கால் யூனிட்டில் வேலை முடிகிறது. ஆனால் உப்புக் காற்றில் மோட்டார் சீக்கிரம் கெடும், கரண்டும் போகும். அந்த நேரத்துக்கு நீராவி முனை இரண்டை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கிளிங்கர் தொல்லை அதிகமுள்ள அடுப்பில், கம்பித்தட்டுக்குக் கீழே கொஞ்சம் நீராவி விட்டால் கம்பி குளிர்ந்து கட்டி ஒட்டாது. அதற்கும் அளவு சின்னதாகவே இருக்கட்டும்.

7. மறுபடி நோட்டை எடுங்கள்

சிம்னிப் புகையில் என்னென்ன வாயு எவ்வளவு என்று காட்டும் ஃப்ளூ கேஸ் அனலைசர் ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் வாங்கிப் பாருங்கள். ஆக்சிஜன் அளவை, 21-இலிருந்து அதைக் கழித்து வருவதால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் கூடுதல் காற்று எத்தனை சதவீதம் என்று வரும். ஆக்சிஜன் 7 என்றால் 50 சதவீதம், நல்லது. 12 என்றால் 133, காற்றைக் குறையுங்கள். ஆக்சிஜனும் அதிகம், கார்பன் மோனாக்சைடும் அதிகம் என்றால் காற்று இருக்கிறது, கலக்கவில்லை. குழாயின் கோணத்தையும் வேகத்தையும் பாருங்கள். சிம்னி சூடு 22 டிகிரி குறைந்தால் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம்.

ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

சாயங்காலம் நிறுத்தும்போது வரிசை முக்கியம். நீராவி வால்வை மூடி வடிகாலைத் திறந்துவிடுங்கள். டேம்பர் திறந்தே இருக்கட்டும். புளோயரைக் கடைசியில், கங்கு கறுத்த பிறகு நிறுத்துங்கள். காற்று ஓடும் வரைதான் அந்தக் குழாய் முனைகளுக்குக் குளிர்ச்சி. அவசரப்பட்டு முதலில் நிறுத்தினால் காலையில் எட்டுக் குழாயும் தலை தொங்கி நிற்கும்.